ஜவ்வரிசிப் பலகை

என் தம்பி பனியில் புதைந்து செத்தான். தர்மபுரிப் பக்கத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர், "மார்கழிப் பனி அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்று என்னையே கேட்டார். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். வடக்கே இமாசலத்து மலைங்க, அங்கே பனி ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கும்ங்க என்றேன். "அங்க எதுக்கும்மா போனான்?" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க ஊர் என்னிடம் கேட்டது அதே கேள்விதான்.

எதற்குப் போவான்? பார்க்கத்தான் போனான். ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாற்றி ஷிப்ட். நல்லம்பள்ளியில் பிறந்து வளர்ந்தவன், ஐஸ் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பனிக்கட்டி பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பனியில் நடந்துவிட்டு வரணும் என்று ஆசைப்பட்டான், லீவு சேர்த்து வைத்தான், போனான். இதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தப்பு அவன் யாரோடு போனான் என்பதில் இருந்தது. காரிமங்கலத்தில் ஒரு டூர்க்காரர் இருக்கிறார். இருக்கிறார் என்ன, இருக்கிறான். மரியாதையெல்லாம் அவனுக்கு அதிகம். பஸ் பிடித்துத் தீர்த்தமலைக்கு ஆள் கூட்டிப் போவதில் ஆரம்பித்தவன், அப்புறம் திருவண்ணாமலை, காசி என்று நீட்டி, கடைசியில் இமயமலையில் பனி நடைப்பயணம் என்று பேனர் அடித்தான். அவனோடு மலை ஏறினவர்களுக்கு அவன் வழக்கம் தெரியும். எல்லோரும் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முன்னால் அவன், பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி சங்கிலியாக ஜனம், வாயில் அரோகரா. யாரும் பிரியக் கூடாது. அந்த வழக்கத்தைப் பெருமையாகப் பேசுவார்கள், அம்மா உட்பட. "அந்தாளு கூட போனா ஒரு புள்ளகூட காணாம போவாது" என்பாள்.

அம்மாவுக்கு அதில் ஒரு பழைய பயம் உண்டு. தம்பி ஆறு வயதில் தீர்த்தமலைப் படியில் கையை உதறிக்கொண்டு ஓடி, ஒரு மணி நேரம் காணாமல் போனான். பொரி விற்கிறவரிடம் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தவனை இழுத்துவந்து அம்மா போட்ட போடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "கைய உடுவியா? உடுவியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. அதற்கப்புறம் கல்லூரிக்குப் போகிற வயதிலும் மலைக்குப் போனால் அவன் கையை அம்மா விடமாட்டாள்.

தம்பியின் உடல் பெட்டியில் வந்து சேர்ந்த அன்று டூர்க்காரனும் கூடவே வந்தான். எங்கள் வாசலில் சாமியானா போட்டு, ஊரே நின்றது. அவன் கையைக் கூப்பிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"சொல்லச் சொல்லக் கேக்காம தனியா முன்னால போயிட்டான்ங்க. வீடியோ எடுக்கணும்னு போனான்னு நெனைக்கிறேன். நாங்க ஏழு பேரும் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் போனோம். ஏழு பேரும் பொழச்சி வந்துட்டோம். கூட்டத்தோட வந்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பான்ங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டத்தானே செய்வார்கள்? தனியாகப் போகிறவன் கெட்டான், கூட்டத்தோடு போகிறவன் பிழைத்தான் என்றால் இந்த ஊரில் யார் மறுத்துப் பேசுவார்கள்? நானே அன்றைக்குத் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அம்மா அழுவதை அந்த நிமிஷத்தில் நிறுத்தினாள். அதற்கப்புறம் அழவே இல்லை. கருமாதி எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நான் கொண்டுவந்தபோது, வாங்கிப் பார்த்துவிட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் குப்புறப் போட்டாள். "சொன்ன பேச்சக் கேக்காதவனுக்கு என்னாத்துக்குப் போட்டோ?" என்றாள். மாலை கிடையாது, விளக்கு கிடையாது. யாராவது அவன் பேச்சை எடுத்தால், "கைய உட்டான், போய்ச் சேந்தான்" என்பாள். செத்த பிள்ளையோடு ஒரு தாய் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

நான் சேகோ ஃபேக்டரியில் சல்லடைப் பிரிவில் வேலை செய்கிறேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிகிற மாவை வெட்டியெடுத்து, குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. அதைப் பெருசு, நடு, பொடி என்று சலித்துப் பிரிப்பது என் வேலை. கருமாதி முடிந்த மறுவாரம் வேலைக்குப் போனேன். தரையில் கொட்டிக் கிடந்த பொடி ஜவ்வரிசியில் கால் வைத்து வழுக்கினேன். எழுந்து சேலையைத் தட்டும்போதுதான் தம்பி கடைசியாகப் போனில் பேசியது ஞாபகம் வந்தது.

"அக்கா, இங்க பனிக்கு அடியில ஜவ்வரிசி இருக்குக்கா" என்று சொல்லியிருந்தான். "எங்க வழிகாட்டி குழி தோண்டிக் காட்டுனாரு. மேல கெட்டியா கட்டி மாவு மாதிரி. அடியில பாத்தா உருண்ட உருண்டையா, கையில புடிச்சா நிக்கவே மாட்டேங்குது. நம்ம பொடி ஜவ்வரிசியேதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப பாயாசம் வெச்சுக் குடி" என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தான். மறுநாள் காலையில் செத்துப்போனான்.

ஒரு குழியைத் தோண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னவன், வீடியோ எடுக்கிற ஆசையில் ஓடுவானா? எனக்கு அங்கேதான் உறுத்த ஆரம்பித்தது. பெட்டியோடு வந்த பையில் அவன் போன் இருந்தது. அதில் அந்த வழிகாட்டியின் நம்பர் இருந்தது. மலைக்காரர், இந்திதான் பேசுவார். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் உலர்களத்தில் ஜவ்வரிசி கிளறுகிற ஒடிசாப் பெண் ஒருத்தி இருக்கிறாள், நாலு வருஷமாக இங்கேயே இருந்து தமிழ் பழகியவள். சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

தம்பி பேரைச் சொன்னதும் அந்த மனிதர் அழுதார். ஒடிசாப் பெண்ணும் அழுதாள், எதற்கென்று எனக்குச் சொல்லாமலே. "அழுவறத நிறுத்திட்டு என்னா சொல்றாருன்னு சொல்லுடி" என்று திட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அந்த வருஷம் அங்கே முதலில் கொஞ்சம்தான் பனி பெய்ததாம். அப்புறம் பல வாரம் வெறும் குளிரும் தெளிந்த வானமும். அப்படிக் கிடக்கிற பழைய பனி, கீழே தரைச் சூட்டுக்கும் மேலே குளிருக்கும் நடுவில் மெல்ல மெல்ல மாறி, ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியாகிவிடுமாம். அதன்மேல் இவர்கள் போன நேரத்தில் இரண்டு நாள் விடாமல் புதுப் பனி கொட்டியது. பிறகு ஓர் இரவு முழுக்கக் காற்று. காற்று மலையின் அந்தப் பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுவந்து இந்தப் பக்கச் சரிவில் இறுக்கி அடுக்கிவிட்டது. மேலே பலகை மாதிரிக் கட்டி, அடியில் உருளுகிற மணி. பார்க்க ஒன்றும் தெரியாது. நடந்தால் திடீரென்று காலடியில் 'வூம்' என்று ஒரு சத்தம் வரும், மேல்கட்டி உட்காருகிற சத்தம். அன்று காலையில் அந்தச் சத்தத்தை அவர் இரண்டு தடவை கேட்டாராம்.

திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார். நம் டூர்க்காரன் வானத்தைக் காட்டினானாம். மேகமே இல்லை, வெயில் அடிக்கிறது, இனி என்ன பயம் என்றானாம். நம் ஊர் மழைக்கு அந்தக் கணக்கு சரி. மேகம் கலைந்தால் பயம் கலைந்தது. அங்கே பனி பெய்து முடிந்து வெயில் வருகிற முதல் நாள்தான் ரொம்ப மோசமாம். ஆள் எல்லாம் லீவு போட்டு வந்திருக்கிறார்கள், பாதியில் திரும்பினால் என் பேர் என்ன ஆவது என்று பிடிவாதம் பிடித்தானாம்.

"நான் அப்பவே திரும்பியிருக்கணும்னு சொல்றான் அக்கா" என்றாள் ஒடிசாப் பெண். "அது அவன் தப்புன்னு சொல்றான்."

அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் தன் தப்பைத் தானே வாய்விட்டுச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். போகவே வேண்டும் என்றால் ஒரே நிபந்தனை என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சரிவைத் தாண்டும்போது ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் அதன்மேல் இருக்க வேண்டும். அவர் முதலில் தாண்டி எதிர்ப்பக்கப் பாறையில் நிற்பார். அடுத்து ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கடுத்தவர் காலை வைக்க வேண்டும். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்து, தாண்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஆளின் கனத்தைத் தாங்குகிற கட்டி ஏழு பேரின் கனத்தைத் தாங்காமல் போகலாம். அப்படியே உடைந்தாலும் ஒருவர்தான் மாட்டுவார், மற்றவர்கள் தோண்டி எடுக்கலாம்.

அவர் தாண்டினார். இரண்டாவதாக என் தம்பி. தனியாக. அப்படித்தான் போகச் சொல்லியிருந்தார்கள், அதனால் தனியாகப் போனான்.

அவன் பாதி தூரம் போயிருக்கிறான். அதற்குள் பின்னால் நின்றவர்களுக்குக் குளிர், பயம். டூர்க்காரன் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தான். கையைக் கோத்துக்கொள்ளுங்கள் என்றான். சங்கிலி போட்டு, அரோகரா சொல்லி, தன்னையும் சேர்த்து ஏழு பேரையும் ஒன்றாகச் சரிவுக்குள் இறக்கினான். பத்தடி வைத்திருப்பார்கள். அவர்கள் காலடியில் மேல்கட்டி விரிசல் விட்டது. அவர்கள் விளிம்பில் நின்றதால் கொஞ்ச தூரம் சறுக்கி, இடுப்பளவு பனியில் நின்றுகொண்டார்கள். மீதிச் சரிவு முழுக்க நடுவில் நின்றவன்மேல் போனது.

"கால் மணி நேரத்துக்குள்ள எடுத்தாத்தான் பொழைப்பாங்களாம்" என்றாள். "அந்த வழிகாட்டி கிட்ட மட்டும்தான் மண்வெட்டியும் குத்திப் பாக்கிற கம்பியும் இருந்துச்சாம். மத்தவங்க வெறுங்கையில தோண்டுனாங்களாம். முக்கால் மணி நேரம் ஆச்சாம் அக்கா."

பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். பொரியுருண்டை ஒரு மூட்டை போனது. புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் இரண்டு டப்பா போனது, அதில் ஒன்று அம்மா செய்து கொடுத்தது. பேனர் போனது. மண்வெட்டி போகவில்லை.

கடைசியாக அந்த மலைக்காரர் இன்னொன்று சொன்னார். ஏழு பேரும் இறங்கியபோது தம்பி திரும்பிப் பார்த்து இரண்டு தடவை ஏதோ கத்தினானாம். தமிழில் கத்தியதால் அவருக்கு என்னவென்று தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. "தனியா போவச் சொல்லி எவனாச்சும் சொல்லுவானா? மலையில தனியா போவச் சொல்லுவாங்களா? போடி" என்றாள். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். கூடப் போய்ப் பிழைத்து வந்த ஆறு பேரும், டூர்க்காரர் சொன்னதுதான் என்று நழுவினார்கள். செத்தவனின் அக்கா, அப்படித்தான் பேசுவாள் என்று ஒரு பார்வை பார்த்தார்கள். சரி, பேசினால் நம்பமாட்டீர்கள், கண்ணால் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒரு பலகை எடுத்தேன், கோணிச்சாக்கை அதன்மேல் ஆணி அடித்துப் பரப்பினேன். அதன்மேல் பொடி ஜவ்வரிசி. அதற்குமேல் லேசாக ஈரம் தெளித்த கிழங்கு மாவைச் சலித்துச் சலித்து இரண்டு விரற்கடை கனத்துக்குத் தட்டி இறுக்கினேன். பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். அதிகம் தூக்கினால் தானாகவே கொட்டியது. கொஞ்சமாகத் தூக்கினால் எவ்வளவு தட்டினாலும் அசையவில்லை. நடுவில், மாடிப்படி அளவு சாய்வில் ஓர் இடம் இருந்தது. அங்கே மாவு நிற்கும். நல்ல பிள்ளை போல அமைதியாக நிற்கும். இடம் பார்த்து ஒரு தட்டு தட்டினால், குறுக்கே ஒரு கோடு ஓடி, முழுப் பலகையும் மொத்தமாக இறங்கும். ஜவ்வரிசி இல்லாமல் வெறும் மாவைத் தட்டி வைத்தால் அதே சாய்வில் எவ்வளவு தட்டினாலும் போகாது. மாசக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதையே செய்தேன். நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு, தடுக்க ஆளில்லை. அம்மா பார்த்துவிட்டு, "மாவ எதுக்கு இப்புடி நாசம் பண்ற?" என்பாள். ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும் டூர்க்காரன் முகத்தை நினைத்துக்கொண்டேன், மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் அவனே வந்து மாட்டினான். காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுத்த பனிப் பயணத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டம். எனக்குப் போன் போட்டான்.

"அக்கா, நீங்களும் அம்மாவும் வரணும்ங்க. நீங்க ரெண்டு வார்த்த பேசணும். கூட்டத்த உட்டுத் தனியா போவாதீங்கன்னு நீங்க சொன்னா ஜனங்க மனசுல நிக்கும்ங்க."

என் தம்பி சாவை அவன் பாடமாக நடத்துகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. குரலை மட்டும் இனிப்பாக வைத்துக்கொண்டேன். "கண்டிப்பா வர்றங்க. பேசறதுக்கு ஒரு சாமான் எடுத்துட்டு வரணும், பரவால்லீங்களா?" என்றேன். "தாராளமா எடுத்துட்டு வாங்கக்கா" என்றான்.

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். அவன் வரவேற்றுப் பேசினான், திரையில் படம் காட்டினான், என் தம்பி படமும் வந்தது, தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம், "அந்தத் தம்பியோட அக்கா பேசுவாங்க" என்று மைக்கை என்னிடம் நீட்டினான்.

நான் மைக்கை வாங்கவில்லை. மேடையில் இருந்த மேசையில் பலகையை வைத்தேன், செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்தேன், ஜவ்வரிசியைப் பரப்பி மாவைச் சலித்தேன். என்னவோ சமையல் செய்கிறாள் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். தம்பியின் வெள்ளைச் சட்டையிலிருந்து அறுத்த ஒரு பொத்தானைச் சரிவின் நடுவில் வைத்தேன். "இது என் தம்பி. வழிகாட்டி சொன்னபடி தனியா போறான். பாருங்க, மாவு நிக்குது" என்றேன். அப்புறம் நூலில் கோத்த ஏழு இரும்பு நட்டுகளை மேல்விளிம்பில் வைத்தேன். "இது கையக் கோத்துக்கிட்ட ஏழு பேரு."

ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு மழை மூட்டம். மாவில் ஈரம் ஏறி இறுகியிருந்தது. நான் இன்னொரு தடவை நட்டுகளை எடுத்து வைத்தேன். மாவு அப்படியே நின்றது. யாரோ சிரித்தார்கள். அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் செய்ததெல்லாம் இவ்வளவுதானா என்று எனக்கே அழுகை முட்டியது.

டூர்க்காரன் பெரிய மனசோடு என் பக்கத்தில் வந்தான். "பாவம், தம்பிய பறிகுடுத்த துக்கம்ங்க" என்று மைக்கில் சொன்னான். "அக்கா, நீங்களே பாருங்க. ஏழு பேரு நிக்கறாங்க, ஒண்ணும் ஆவல. நான் வேணா அழுத்திக்கூட காட்டுறேன்" என்று சொல்லி, நட்டுகளின்மேல் விரல்களை வைத்து அழுத்தினான்.

மேல்விளிம்பில் ஒரு கோடு ஓடியது. முழு மாவும் ஒரே பாளமாக இறங்கி, உடைந்து, பலகையின் அடியில் குவிந்தது. நட்டுகள் மேலேயே கோணிச்சாக்கில் மாட்டிக்கொண்டு நின்றன. ஏழும் நின்றன. பொத்தானைக் காணோம்.

"நிக்குதுன்னு நெனைச்சு அழுத்துன பாரு, அன்னைக்கும் அதத்தான் செஞ்ச" என்றேன். 'நீங்க', 'வாங்க' எல்லாம் அதோடு போயிற்று. "என் தம்பி உள்ள இருக்கான். எடு."

"அக்கா…"

"எடுடா. கால் மணி நேரம் இருக்கு. வெறுங்கையில தோண்டு, அன்னைக்கு மாதிரியே."

அவன் சுற்றிலும் பார்த்தான். எழுபது பேரும் அவனையே பார்த்தார்கள். தோண்டினான். வெள்ளை மாவில் வெள்ளைப் பொத்தான், அதற்காகத்தான் அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தேன். ஜவ்வரிசி அவன் விரலிடுக்கில் வழிந்து வழிந்து தோண்டிய குழியை மூடியது. வேர்த்துக் கொட்டியது. இத்தனைக்கும் ஒரு படி மாவு. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். உலகத்தில் வேறு எந்தக் காட்சியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. அவன் தடுமாறுவதைப் பார்த்துப் பரிதாபம் வருமோ என்று காத்திருந்தேன், வரவில்லை.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். மேசைக்கு எதிரே நின்று, அவன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் பையன் திரும்பிப் பாத்துக் கத்துனானாமே" என்றாள். "என்னா கத்துனான்?"

நான் சொன்னதை அவள் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் மாவைத் துழாவிக்கொண்டே இருந்தான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல. "பெத்தவ கேக்கறன். சொல்லு."

"நில்லுங்கண்ணே, நான் தாண்டுன பொறவு ஒவ்வொருத்தரா வாங்கன்னு கத்துனான்ம்மா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் வந்த?"

மைக் மேசையில் திறந்தே கிடந்தது. அவன் மெல்லச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. "அத்தினி பேருக்கு முன்னால… சின்னப் பையன் சொல்லி நான் நிக்கறதான்னு…"

அம்மா அவன் கையை விட்டாள்.

"அப்ப சொன்ன பேச்சக் கேக்காதவன் நீதானா?" என்றாள்.

குவிந்து கிடந்த மாவில் அவளே விரலை விட்டுத் துழாவினாள், பொத்தானை எடுத்தாள், முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டாள். நாங்கள் வெளியே வந்தபோது பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பாதிப் பேர் எங்களோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நல்லம்பள்ளி வரும்வரை அழுதாள், ஒரு வருஷத்து அழுகை. வீட்டுக்குள் நுழைந்ததும் கை கால் கழுவாமல் பீரோவைத் திறந்தாள். போட்டோவை எடுத்து நடுக்கூடத்தில் மாட்டச் சொன்னாள். நான் ஆணி அடித்தேன். "கண்ணு, ஆத்தா உன்னயப் போய் வைஞ்சுபுட்டனே" என்று அதன் முன்னால் நின்று சொன்னாள். கைக்கு எட்டாததால், நாற்காலி போட்டு ஏறி அவன் முகத்தைத் தடவினாள்.

டூர்க்காரன் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினான். அம்மா மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள், அது அவள் இஷ்டம். பென்னாகரத்தில் அடுத்த மாதம் ஒரு கூட்டம் போடுகிறானாம். பலகையை நான் கழுவிக் காயவைத்து வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மாவில் ஈரம் ஏறாமல் டப்பாவில் போட்டு எடுத்துப் போவேன்.